அரை மணி நேரமும் ஒரு மாதமும்

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, வியாழக்கிழமை. பொழுது புலரும் நேரத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களிலிருந்த லொட்ஜ்களின் கதவுகள் தட்டப்பட்டன. வந்தவர்கள் பொலிஸார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். எதற்காகக் கொழும்பில் நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். பதில் திருப்தி தராதபோது, உடுப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே நின்ற பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். பலருக்குக் கிடைத்த அவகாசம் அரை மணி நேரம். அதுவும் கிடைக்காதவர்கள் இருந்தார்கள். பொலிஸார் பின்னர் சொன்ன கணக்கின்படி அன்று இப்படி ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் 376 பேர்; அவர்களில் 85 பேர் பெண்கள். பெரும்பாலானவர்கள் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அந்த அறைகளில் யார் தங்கியிருந்தார்கள் என்று தெரிந்தால்தான் அன்று நடந்ததன் கனம் விளங்கும். 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வருவதே பெரும்பாடாகிவிட்டது. படைத்தரப்பின் அனுமதி எடுத்து, கப்பலிலோ விமானத்திலோ இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, ஒருவழியாகக் கொழும்பு வந்து சேர்ந்தவர் வந்த காரியம் முடியும்வரை எங்கேயாவது தங்கத்தானே வேண்டும்? அன்று கடவுச்சீட்டு எடுப்பது இங்கே. தூதரகங்கள் இங்கே. வெளிநாட்டு வேலைக்கான முகவர்களும் இங்கே. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் மகரகம. கனடாவிலிருக்கும் பிள்ளையின் ஸ்பொன்சர் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மார், மத்திய கிழக்கு வேலைக்குப் பணம் கட்டிவிட்டு விசாவுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்த இளைஞர்கள், ஊரில் வைத்திருந்தால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து கூட்டிவந்த தகப்பன்மார்: காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும், ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் இருந்த லொட்ஜ்கள் இவர்களை நம்பியே நடந்தன. வீட்டு முற்பணம் கட்ட வசதியில்லாதவருக்கும், தமிழருக்கு வீடு கொடுத்தால் வீண் தொல்லை என்று வீட்டுக்காரர்கள் கையை விரித்த காலத்தில் வேறு போக்கிடம் இல்லாதவருக்கும் அந்த அறைதான் முகவரி.

அரசாங்கம் சொன்ன காரணம் பாதுகாப்பு. அதற்கு முந்தைய மாதங்களில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் குண்டுகள் வெடித்திருந்தன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவிகள் செத்திருந்தார்கள். அந்த அச்சத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒருவர்மீது சந்தேகம் என்றால் அவரைக் கைதுசெய்து விசாரிக்கவும், நீதவான் முன் நிறுத்தவும் சட்டம் இருந்தது. அன்று பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்கள்மீது குற்றச்சாட்டு எதுவும் வைக்கப்படவில்லை. தமிழர், லொட்ஜில் இருக்கிறார், சொன்ன காரணம் போதாது. இவ்வளவுதான் அவர்களைப் பற்றிய கோவை.

மறுநாள், ஜூன் 8ஆம் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. அந்த நிலையத்தின் நிறைவேற்றுப் பணிப்பாளர் கலாநிதி பாக்கியசோதி சரவணமுத்து. கொழும்பின் எந்தப் பகுதியிலிருந்தும் தமிழர்களை வெளியேற்றக்கூடாது, எந்தப் பகுதியிலும் அவர்கள் தங்குவதைத் தடுக்கக்கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அடுத்த ஓரிரு நாட்களில் பலர் கொழும்புக்குத் திருப்பி அழைத்துவரப்பட்டார்கள். பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க அரசாங்கத்தின் சார்பில் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ச செய்தது சரிதான் என்று வாதாடினார்.

இந்த நிகழ்வை இன்று படிக்கும் மாணவர் ஒருவர், நீதிமன்றம் இருக்கிறது, அது தலையிட்டது, விஷயம் முடிந்தது என்று நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை உறுத்துவது ஒரு சின்னப் புவியியல் உண்மை. இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் வழக்கை முதன்முதலில் கேட்கும் அதிகாரம் ஒரேயொரு நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. அது உயர் நீதிமன்றம். அது இருப்பது கொழும்பு, புதுக்கடையில். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தப் 376 பேரில் பெரும்பாலானவர்களை வவுனியாவுக்கு ஏற்றி அனுப்பியதன் பொருள், தங்கள் உரிமையைக் கேட்கக்கூடிய ஒரே வாசலிலிருந்து அவர்களை 250 கிலோமீற்றருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிவிட்டது என்பதுதான். கொழும்பில் இருக்க உரிமை உண்டா என்று கேட்பதற்கே கொழும்பில் இருக்கவேண்டிய நிலை. அவர்களுக்காக அந்த வாசலைத் தட்டியது அவர்களில் ஒருவரல்லர்; சட்டம் தெரிந்த, இரவோடிரவாக மனு எழுதக்கூடிய, நகரத்தில் நிலைபெற்ற ஒரு நிறுவனம். அப்படியொரு நிறுவனம் அந்த இரவில் விழித்திருக்காவிட்டால்?

கொழும்பில் இருக்க உரிமை உண்டா என்ற கேள்விக்கான பதில்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. இனம், மதம், மொழி, சாதி, பிறந்த இடம் முதலியவற்றைக் கொண்டு எந்தப் பிரஜைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது உறுப்புரை 12(2). காரணம் சொல்லாமல் யாரையும் கைதுசெய்யலாகாது என்கிறது 13(1). இலங்கைக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் பிரஜைகளுக்குள்ள சுதந்திரத்தைச் சொல்கிறது 14(1)(ஏ). தேசிய பாதுகாப்புக்காகச் சட்டத்தின் மூலம் இவற்றில் சிலவற்றுக்கு வரையறை போடலாம் என்று உறுப்புரை 15 இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு ஒரு சட்டம் வேண்டும், ஒரு பொலிஸ் அதிகாரியின் வாய்ச்சொல் போதாது. உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரையும் இதே நடமாட்ட உரிமையைத்தான் பேசுகிறது. எழுத்தில் குறை அதிகமில்லை. குறை எங்கே என்றால், லொட்ஜ் அறைக் கதவைத் திறந்து தூக்கக் கலக்கத்தோடு நின்றவருக்கு இதில் ஒரு வரியும் தெரியாது என்பதில்தான்.

அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்வதும் தவறு. அவருக்கு நிறையத் தெரியும். போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்த தமிழர் ஒவ்வொருவரும் காகிதங்களைப் பற்றி ஒரு பெரும் படிப்பே படித்திருந்தார்கள். தேசிய அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும். வீட்டிலுள்ளவர்களின் பெயர், வயது, உறவு, சொந்த ஊர், வந்த காரணம் எல்லாம் நிரப்பிய பொலிஸ் பதிவுப் படிவத்தின் நகல் கைவசம் இருக்க வேண்டும். லொட்ஜ் என்றால் தங்குவோர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்த விபரம் பொலிஸுக்குப் போயிருக்க வேண்டும். கிராம சேவகரின் கடிதம், முகவர் நிலையத்தின் கடிதம், வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி. இரவில் சுற்றிவளைப்பு வந்தால் தேடிக்கொண்டு நிற்காமல் எடுத்துக்கொடுக்க, எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தையும் அவசரகால விதிகளையும் காட்டி இந்தப் பதிவுகள் நடந்தன. 2007இன் உத்தரவு பஸ்களை நிறுத்தியதே தவிரப் பட்டியல்களை நிறுத்தவில்லை. 2008 செப்டெம்பரில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பதிய வேண்டுமென்று மறுபடி அறிவிப்பு வந்தது. மறுபடியும் வரிசை, மறுபடியும் படிவம்.

அதாவது, தமிழர் தம்மை நிரூபிக்கக் காட்டவேண்டிய காகிதங்கள் எவையென்று அரசு அவர்களுக்கு மிக நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது. அரசிடமிருந்து அவர்கள் கேட்டு வாங்கவேண்டிய காகிதத்தைப் பற்றி மட்டும் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படியொரு காகிதம் இருந்தது. 2006 ஜூலையில் ஜனாதிபதி முப்படையினருக்கும் பொலிஸாருக்கும் பணிப்புரை வழங்கியிருந்தார். 2007இல் பாதுகாப்பு அமைச்சு அதை மீண்டும் சுற்றுக்கு விட்டது. கைதுசெய்பவர் தன் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். கைதானவர் தன் உறவினருக்குத் தகவல் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியில் எடுக்கப்பட வேண்டும். கேட்கும் உறவினருக்குக் கைதை உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் அந்தப் பணிப்புரையில் உள்ளவை. இதற்கும் மேலாக, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைக் கைதுசெய்தால் எப்படியும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தே ஆகவேண்டும் என்கிறது. பணிப்புரை மாறலாம், மறக்கப்படலாம். இது பாராளுமன்றம் இயற்றிய சட்டம்.

கைதுப் பத்திரம் அரைப்பக்கக் காகிதந்தான். ஆனால் அது இருந்தால், ஆள் இந்த நேரத்தில் இந்த நிலையத்தவரின் பொறுப்பில் இருந்தார் என்பதற்கு அரசின் கையெழுத்தே சாட்சி. அது இல்லாத இடத்தில்தான் ஆட்களைக் கடத்திய வெள்ளை வான் ஓடியது. 2006க்குப் பிந்தைய மூன்று ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடத்தப்பட்டவர்களின் உறவினர்கள் பொலிஸ் நிலையங்களிலும், நலன்புரி நிலையங்களிலும், பூசா தடுப்பு முகாமின் வாசலிலும் அலைந்தபோது எல்லா இடத்திலும் கேட்ட பதில் ஒன்றுதான்: இங்கே இல்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் தமிழர்களும் முஸ்லிம்களுமாக 11 பேர் கப்பத்துக்காகக் கடத்தப்பட்ட வழக்கில், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் அகப்பட்டிருந்தார்கள். திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டிருந்ததைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் கண்டறிந்தது. ஆனால் பிள்ளைகள் திரும்பவில்லை. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்கொண்டுசெல்லப் போவதில்லை என்று 2021இல் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அந்தப் பெற்றோர் நடந்த நடையை எண்ணிப் பார்க்கும்போது, சட்டம் தெரிந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எழுத என் கை கூசுகிறது. அவர்கள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்கள். கற்றும் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த வழக்கு இவ்வளவு தூரம் வந்ததும், பெயர்கள் வெளியே வந்ததும், அவர்கள் விடாமல் கேட்டதால்தான்.

நமது அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை என்று தனியாக ஓர் உறுப்புரை இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும். நீதிமன்றத்தின் தண்டனை இல்லாமல் ஒருவரின் உயிரைப் போக்கலாகாது என்ற 13(4)க்குள் அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று 2003இல் உயர் நீதிமன்றம்தான் வாசித்தெடுத்தது.

இனி, ஒரு மாதம். உறுப்புரை 126இன்படி உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். ஒரு மாதம் என்பது, அடிபட்டவர் வைத்தியசாலையிலிருந்து வீடு வந்து, வீட்டார் பயம் தெளிந்து, தெரிந்தவர் மூலமாகச் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, செலவுக்குக் காசு புரட்டி முடிவதற்குள் ஓடிவிடும் காலம். இதற்கு ஒரு வழியையும் சட்டமே வைத்திருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இது. சட்டத்தரணிகளுக்கு இது அரிச்சுவடி. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பட்டதாரிகளிடமே கேட்டுப்பாருங்கள். மனித உரிமை என்றால் ஜெனிவா என்பார்கள். மார்ச் மாதத்தில் அங்கே என்ன தீர்மானம் வருகிறது, எந்த நாடு எப்படி வாக்களிக்கும் என்று நம்மவர்களுக்கு நுணுக்கமாகத் தெரியும். புதுக்கடையில் ஒரு மாதத்துக்குள் என்ன செய்யலாம் என்பது தெரியாது. ஜெனிவா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர்க் கதவுகள் அடைபட்டதால்தான் நம் மக்கள் அங்கே போனார்கள். ஆனால் அங்கே போய் நிற்பவரின் கையிலும், உள்ளூரில் தட்டிய கதவுகளின் சான்று இருக்கவேண்டியிருக்கிறது.

மொழியின் கதை இதைவிடக் கசப்பானது. 1993இல் கைதான சிங்கராசா என்ற இளைஞரின் வழக்கு சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பது. அவருக்கு எதிரான சான்று ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று மட்டுமே. அது சிங்களத்தில் தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். 50 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பானது, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் அவர் பக்கம் நியாயம் கண்டது. அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிசெய்த விருப்ப நெறிமுறையை இலங்கை 1997இல் ஏற்றிருந்தது. ஆனால் அந்த ஏற்பே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லொட்ஜ்களிலிருந்து ஆட்களை ஏற்றியபோது அந்தத் தீர்ப்புக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. விளங்காத மொழியில் உள்ள காகிதத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லும் தைரியத்தை, பத்து வயதுப் பிள்ளைக்கும் நாம் ஊட்ட வேண்டும்.

இந்த உரிமைகளின் தொடக்கத்துக்குப் போனால், 1948 டிசம்பர் 10ஆம் திகதி பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியபோது 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து வாக்களித்தவர் இல்லை, 8 நாடுகள் விலகி நின்றன. ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த முதல் வாசகத்தை மனிதர் எல்லோருக்குமாக மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. இலங்கை அப்போது ஐ.நா.வில் இல்லை, 1955இல்தான் சேர்ந்தது. ஆனால் அதே 1948இல் இங்கே நிறைவேறியது 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய இனத்துவ உரிமை உண்டு என்று பாரிஸில் பேசிக்கொண்டிருந்த மாதங்களில், மலையகத் தோட்டங்களில் தேயிலை பறித்த ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். அன்று தமிழ்த் தலைமைக்குள்ளேயே பிளவு வந்தது. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்த அநீதி சட்டப்படி முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டு. அந்த 7 இலட்சம் பேருக்கு நடந்தபோது யாழ்ப்பாணமும் கொழும்புத் தமிழ் நடுத்தர வர்க்கமும் எவ்வளவு கொதித்தன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் இந்தக் கட்டுரை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். லொட்ஜ்களில் கொடுக்கப்பட்ட அரை மணி நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு அவகாசம் நினைவுக்கு வருகிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகதெருவில் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: முஸ்லிம்கள் எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வர வேண்டும். வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது. கையில் கொண்டுபோக அனுமதித்த காசு சில நூறு ரூபா. வழியில் நகைகள் வாங்கிவைத்துக்கொள்ளப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று அதே மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துடைத்தகற்றப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் பல ஆண்டுகளைக் கழித்தார்கள். 2002இல் புலிகளின் தரப்பும் வருத்தம் தெரிவித்தது. வருத்தம் தெரிவிக்க 12 ஆண்டுகள் ஆயின.

இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று அரசு, சட்டத்தால் கட்டுண்டது. மற்றது ஆயுதக் குழு, அதை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பது? சட்ட வாதமாக இதில் நியாயம் உண்டு. அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராக மட்டுமே போகும். ஆனால் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற தமிழ் அயலவர்களைப் பார்த்தபடி போன அந்த மனிதருக்கு இந்த வேறுபாடு என்ன ஆறுதல் தரும்? அயலவர்களில் அழுதவர்கள் இருந்தார்கள். பயத்தில் வாய் திறக்க முடியாதவர்களே பெரும்பாலோர். அந்தப் பயத்தை நான் குற்றம் சொல்லமாட்டேன். நான் குற்றம் சொல்வது பயம் நீங்கிய பின்னரும் தொடரும் மௌனத்தை. புலிகளின் துப்பாக்கி இல்லாமல் போன 2009க்குப் பிறகு, கொழும்பில் இருந்துகொண்டு எழுதும் நாங்கள், வடக்கு முஸ்லிம்களின் காணியும் மீள்குடியேற்றமும் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? 2007 ஜூனை மறக்காத நமக்கு 1990 ஒக்டோபரை மற்றவர்கள் நினைவுபடுத்த வேண்டியிருப்பது ஏன்?

எந்தத் தரப்பு மீறினாலும் மீறல் மீறல்தான் என்று சொன்னவர்கள் நம்மிடையே இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திரணகம, மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பில் நின்று இந்திய அமைதிப் படை, இயக்கங்கள், அரசு என்று எல்லாத் தரப்பின் மீறல்களையும் பதிவுசெய்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி அவர் சுடப்பட்டார். நீலன் திருச்செல்வம், அரசியலமைப்பு அறிஞர், இனத்துவ ஆய்வுக்கான சர்வதேச நிலையத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர், 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் புலிகளின் தற்கொலைக் குண்டுக்குப் பலியானார். கொழும்பில் ஆட்கடத்தல்களுக்கு எதிரான மக்கள் கண்காணிப்புக் குழுவை மனோ கணேசன் முதலியவர்களோடு சேர்ந்து தொடங்கிய பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10ஆம் திகதி, பகலில், கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூவரும் தமிழர். கொன்ற கைகள் ஒரே தரப்பின் கைகள் அல்ல. உரிமை எல்லோருக்கும் பொதுவானது என்று உண்மையாகவே நம்புபவருக்கு எல்லாப் பக்கமும் பகை உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதன் பிறகும் பாடம் வேறு பெயர்களோடு திரும்பி வந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் துயரத்தின் பின்னால், அதற்குச் சம்பந்தமில்லாத முஸ்லிம்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அள்ளிச்செல்லப்பட்டார்கள். சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லா, கவிதைத் தொகுப்பு ஒன்றைக் காரணமாகக் காட்டிப் பிடிக்கப்பட்ட இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ஆகியோர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. 1979இல் மூன்று வருடத்துக்கென்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது என்று நமக்குத் தெரியும். 2022இல் அதே சட்டத்தின் கீழ் சிங்கள மாணவர் தலைவர் வசந்த முதலிகே பிடிக்கப்பட்டபோதுதான் தெற்கிலும் பலர் அதன் பெயரை முதன்முதலாகக் கவலையோடு உச்சரித்தார்கள். தாமதம்தான். ஆனால் தாமதமாக வந்தவர்களை நாம் வாசலில் நிறுத்திக் கணக்குக் கேட்கத் தேவையில்லை. மலையகத்துக்கும் புத்தளத்துக்கும் நாமும் தாமதமாகத்தான் போனோம்.

கொச்சிக்கடையின் கதை அங்கே முடியவில்லை. உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களும் பிறரும் உறுப்புரை 126இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டுமென்று உத்தரவிடப்பட்டது. பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தர 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி. நாட்டின் முதல் மனிதராக இருந்தவரே ஒரு பொதுமகனின் மனுவுக்குப் பதில் சொல்லவேண்டி வந்தது. 2007இல் லொட்ஜ் மக்களுக்காகத் திறந்த அதே கதவுதான் இது.

ஆகவே விழிப்புணர்வு என்று டிசம்பர் 10ஆம் திகதி பதாகை கட்டி, பிரகடனத்தின் முப்பது உறுப்புரைகளை ஒப்புவித்து, தேநீர் குடித்துக் கலையும் வழக்கம் எனக்கு நிறைவு தரவில்லை. சாதாரண தரத்தில் குடியியற் கல்வி விருப்பப் பாடம். எடுக்கும் பிள்ளைகள் புள்ளிக்காக உரிமைகளைப் பட்டியலிட்டு எழுதுகிறார்கள். கைதுப் பத்திரம் எப்படியிருக்கும் என்று அவர்கள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும். ஒரு முறைப்பாட்டை எழுதிப் பழக வேண்டும். வெள்ளவத்தைப் பிள்ளை 2007 ஜூனைப் படிக்கும் வகுப்பிலேயே 1990 ஒக்டோபரையும் படிக்க வேண்டும். அந்த வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் இருந்தால் இன்னும் நல்லது. கோயில் அறங்காவலர் சபைகளும் தேவாலயப் பங்குகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கொழும்பில் இடம் வைத்திருக்கின்றன, ஒலிபெருக்கி வைத்திருக்கின்றன, மாலை வேளையில் கூடும் மக்களை வைத்திருக்கின்றன. மாதத்தில் ஒரு மாலையை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுத்தால் பெரிய செலவில்லை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் இன்று பம்பலப்பிட்டியில், ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில், வெள்ளவத்தைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, பாதிக்கப்பட்டவர் உள்ளே இருந்தால் அவர் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம். யார், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த உடையில், எந்த இலக்க வாகனத்தில் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்ட திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் புதுக்கடைக்குப் போகும்போது, அந்த ஒரு மாதத்துக்குள் வந்தீர்களா என்பதற்கு முதலில் பார்க்கப்படுவது அந்தத் திகதிதான்.